மணியாச்சி கண்ட இரு காட்சிகள்



பிரிட்டிஷ் அரச குடும்பத்தார் தம் பழைய குடியேற்ற நாடுகளுக்குச் செல்லும் செய்தியைப் படிக்குந்தோறும், என் நினைவு மணியாச்சி இரயில் நிலையத்தையே நாடுகிறது.

1875 டிசம்பரில், விக்டோரியா மகாராணியாரின் மூத்த மகனான வேல்ஸ் இளவரசர் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு வந்திறங்கினார். நம் கடல் ஆழமற்றது. பெருங்கப்பல்கள் கரையிலிருந்து பல கல் தொலைவில் நங்கூரமிட்ட காலம் அது. புதிய இருப்புப்பாதையில் மதுரை நோக்கிச் சென்றவரை, கால்டுவெல், சார்ஜென்ட் ஆகிய மிஷனரிமாருடன் நம் பிரிந்த சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மணியாச்சியில் வரவேற்று மடல் அளித்தனர். அவர்களை அடிமைகள் என்று இகழ எனக்கு மனம் வரவில்லை. உள்ளூர்ப் பெரியவர்கள் திண்ணையில் ஏறவும் விடாத ஏழைகள் சிலர் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். அரசர் வீட்டுப் பிள்ளை தங்கள் முன் நின்றதே அவர்களுக்குப் பெரிது.

வந்தவர் கண்டதோ தோரணங்களை. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் பற்றியது. மக்கள் மடிந்துகொண்டிருக்கையில், 1877 ஜனவரி முதல் நாள், அவருடைய தாயாரை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் டில்லியில் கோலாகலமாக நடந்தது.

இரண்டாம் காட்சி 1911 ஜூன் 17. கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை அப்போது சிறையில் வாடிக்கொண்டிருந்தார். அதே மணியாச்சியில், மனைவியுடன் இரயிலில் அமர்ந்திருந்த கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டு மாய்த்துக்கொண்டார். அவருடைய சட்டைப்பையில் கிடைத்த கடிதம், 1875இல் வந்த இளவரசரின் மகனான ஐந்தாம் ஜார்ஜ் இந்நாட்டில் கால் வைத்தால் கொல்லப்படுவார் என்றது. கொலையை நான் போற்றேன். அக்கடிதம் மன்னரைப் 'பஞ்சமன்' என்று இழித்துரைப்பதும் நெஞ்சை உறுத்துகிறது. அன்னியனைத் திட்டவும் நம் ஏழையின் பெயர்தானா கிடைத்தது! எனினும் ஒரு நாட்டின் தன்மானம் எவ்வளவு நசுக்கப்பட்டிருந்தது என்பதற்கு அக்கடிதமும் சாட்சி. ஜார்ஜ் மன்னர் அவ்வாண்டு டிசம்பரில் டில்லியில் முடிசூட்டு தர்பார் நடத்தித் திரும்பினார்.

விடுதலைக்குப் பின்னரும் வருகைகள் ஓயவில்லை. எலிசபெத் அரசியார் 1961, 1983, 1997 ஆகிய ஆண்டுகளில் வந்தார். 1997இல் ஜாலியன்வாலா பாக்கில் மலர்வளையம் வைத்துத் தலைவணங்கினார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை.

இன்று அந்நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி. நம் துறைமுகமோ 2011 முதல் சிதம்பரனார் பெயரைத் தாங்குகிறது. பெருங்கப்பல்கள் அங்கே கரையை ஒட்டியே அணைகின்றன.