எதிர்வாதியை முதலில் பேசவிட்ட இறையியல்

கடவுளை நம்புவது வேறு, அந்த நம்பிக்கையை ஆராய்வது வேறு. சமயத்துக்குள் நின்றுகொண்டே, ஏற்றுக்கொண்ட பொருளுக்குச் சான்று யாது, அதை மறுப்பவருக்கு விடை யாது என்று முறைப்பட ஆராயும் துறை இறையியல் எனப்படும். சமயங்களைப் புறத்தே நின்று நோக்கும் சமயவியலினின்றும் இது வேறுபட்டது. பக்திப் பாடல்கள் இதற்குக் கருப்பொருள் தருமேயன்றித் தாமே இறையியல் ஆகிவிடுவதில்லை.

சைவ பக்திப் பாடல்களான தேவாரத்துக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர், 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தில் இவ்வேறுபாடு துலங்குகிறது. 12 நூற்பாக்களே கொண்ட அந்நூல், நிறுவ வேண்டிய முடிபை மேற்கோளாகவும், அதற்குரிய காரணத்தை ஏதுவாகவும், விளக்கத்தை எடுத்துக்காட்டு வெண்பாவாகவும் வைத்துச் செல்கிறது. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவது; ஆகவே அதற்கு ஒரு கர்த்தா வேண்டும் என்னும் அனுமானமே அதன் தொடக்கம்; நம்பு என்ற கட்டளை அங்கே இல்லை.

அவர்தம் மாணவர் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞானசித்தியாரோ இன்னும் ஒரு படி மேலே சென்று, பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கத்தை முன்னும், தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்தைப் பின்னும் அமைத்தது. உலகாயதம் முதல் பாஞ்சராத்திரம் வரை 14 மதங்கள் பரபக்கத்தில் பேசப்படுகின்றன. காட்சி ஒன்றே அளவை, அதாவது அறிவதற்குரிய கருவி, என்பார் உலகாயதர். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவிடத்துச் சிவப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடியவிடத்து அறிவு பிறக்கிறது என்பது அவர் வாதமாகத் தத்துவ நூல்களில் வழங்குவது. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. காட்சியோடு அனுமானமும் ஆகம உரையும் அளவைகளே என மெய்கண்டார் மரபான சைவ சித்தாந்தம் நிறுவ முற்பட்டதற்கு இத்தகைய எதிரிகள் இருந்ததும் ஒரு காரணம் எனலாம்.

அதே நூற்றாண்டில் ஐரோப்பாவில் தாமஸ் அக்குவைனாஸ், 1265 அளவில் தொடங்கி 1273இல் முடிக்காமலே நிறுத்திய தம் இறையியல் பெருநூலில், ஒவ்வொரு வினாவின்கீழும் தடைகளையே முதலில் வைத்தார். கடவுள் உண்டா என்ற வினாவுக்கு அவர் முதலில் எழுதியது, உலகில் தீமை இருப்பதால் கடவுள் இல்லை என்னும் வாதமே. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள் ஒரே ஒழுங்கைக் கைக்கொண்டமை தற்செயலன்று. விடை கூற வேண்டிய எதிரி எங்கே வலுவாக இருக்கிறாரோ அங்கேதான் இறையியல் முதிர்கிறது.

பிற்காலத்தில் அந்த வலு குறைந்தது போலும். 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் சித்தியாருக்குப் பொழிப்புரை வரைந்தபோது சுபக்கத்தையே எடுத்துக்கொண்டார். சித்தியார் என்றாலே சுபக்கம் என்னும் நிலை இன்றும் பெரிதும் மாறவில்லை. அருணந்தியார் வகுத்த வரிசைப்படி பார்த்தால் இது நூலைப் பாதியிலிருந்து படிப்பதாகும்.

மறுப்பவர் எழுதிய சுருக்கம் மறுக்கப்படுபவரின் முழுக்குரல் ஆகாது என்பதும் மெய்யே. ஆயினும் பரபக்கம் மறுக்கும் மதத்தாருள் ஒருவரான ஆசீவகரின் சொந்த நூல்கள் அழிந்துபோன நிலையில், 1951இல் அவர்தம் வரலாற்றையும் கொள்கையையும் எழுதிய ஏ. எல். பாஷம், மணிமேகலை, நீலகேசி ஆகியவற்றோடு, அவர்களை மறுப்பதற்கென்றே எழுதப்பட்ட சித்தியார்ப் பகுதியையும் சான்றாகக் கொள்ள வேண்டியிருந்தது.