மூட்டை தூக்கிய முதுகுக்கு முறையான பயிற்சி



கடையில் சரக்கு இருப்பைத் தவறாமல் பார்க்கும் நாம், அந்தச் சரக்கைத் தூக்கும் முதுகை வலி வந்த பிறகுதான் நினைக்கிறோம். நேரு வீதி, காந்தி வீதி, பெரிய மார்க்கெட் என்று எந்தப் பக்கம் போனாலும் 'டிஸ்க் விலகிவிட்டது' என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லும் மளிகை வியாபாரி ஒருவரைப் பார்க்கலாம். சிலர் பயந்துபோய் மாதக்கணக்கில் படுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் வலி சற்றுக் குறைந்ததும் மறுபடி மூட்டைக்குத் தோள் கொடுக்கிறார்கள். இரண்டுமே நஷ்டக் கணக்குதான்.

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு. வெளியே உறுதியான நார், உள்ளே கூழ். நார் கிழிந்து கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தினால், இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை சுரீர் என்று இழுக்கும். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளில்தான் இது நேர்கிறது. ஆறுதலான செய்தி என்னவென்றால், பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அறுவை சிகிச்சை இல்லாமலே குணமாகிறது. நீண்ட படுக்கை ஓய்வு கூடாது, இயன்றவரை நடமாட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவர்கள் கூறுவது.

1999-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், ஒருவருடைய இடுப்பு வட்டுக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். நேராக நிற்கும்போது இருப்பதைப்போல் நான்கரை மடங்கு அழுத்தம், முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கும்போது ஏறியது. அதே 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது சுமார் இரண்டு மடங்கே இருந்தது. நம் கடையில் அரிசிச் சிப்பமே 25 கிலோ, சர்க்கரை மூட்டை 50 கிலோ. மற்றதை நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இன்னொரு செய்தி நமக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. இரவில் படுத்திருக்கும்போது வட்டு நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் வட்டின்மேல் விழும் பாரம் அதிகம். நாமோ விடிந்ததும் குனிந்து ஷட்டரைத் தூக்குகிறோம், வாசல் பெருக்குகிறோம், சிப்பத்தை இழுத்து வெளியே வைக்கிறோம்! எழுந்த பின் முதல் ஒரு மணி நேரமாவது குனியாமல் இருப்பது நல்லது. குனிந்து செய்யும் உடற்பயிற்சிக்கும் இதே விதிதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய ஏற்றது நடை. நம் ஊர்க் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சமமான தரை, கடல் காற்று, காசு செலவில்லை. முதலில் பத்து நிமிடம், வலி கூடாவிட்டால் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ பார்த்துச் சொன்ன பிறகு, குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை மெல்ல உயர்த்தும் பயிற்சி பலருக்கு உதவுகிறது. இதில் ஓர் அடையாளம் உண்டு. காலில் இருந்த வலி இடுப்பை நோக்கி ஏறி வந்தால் பயிற்சி ஒத்துக்கொள்கிறது. பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வலி இருக்கும் நாட்களில் கால் விரலைத் தொடக் குனிவது, மல்லாந்து படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி, பளு தூக்குதல், குதித்தல் வேண்டாம். ஆண்டுதோறும் ஜனவரியில் யோகா விழா நடக்கும் ஊர் நம்முடையது. யோகா நல்லதே. ஆனால் குனியும் ஆசனங்களைப் பார்த்துப் பழகுவது டிஸ்க் நோயாளிக்கு ஆகாது. கல்லாவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் கெடுதி. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னை அறியாமல் மலஜலம் கழிந்தாலோ, அமரும் இடம் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. ஜிப்மருக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ உடனே போய்விட வேண்டும். கடையை மறுநாள் திறந்துகொள்ளலாம்.

முடிவாக ஒரு வார்த்தை. நமக்கு டிஸ்க் வந்ததும், 'தம்பி, நீ தூக்கு' என்று கடைப் பையனிடம் சொல்லிவிடுகிறோம். அவன் முதுகும் அதே நாரும் கூழும்தான். ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அதுவும் நல்ல உடம்புள்ள ஆணுக்கு! ஒரு தள்ளுவண்டி வாங்குவோம். மூட்டைகளைத் தரையில் போடாமல் இடுப்பு உயரப் பலகையில் அடுக்குவோம். ஷட்டருக்கு எண்ணெய் போடுவோம். இந்தச் சிறு முதலீடு முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சேர்த்தே லாபம் தரும்.