கேம்ப்பிங் போறீங்களா? அரிவாளை வீட்டிலேயே விட்டுட்டுப் போங்க!

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல வந்துவிட்டால் போதும். கொடைக்கானல், ஏலகிரி, கோத்தகிரி, வால்பாறை என்று டென்ட் அடிக்கக் கிளம்பிவிடுகிறது ஒரு கூட்டம். முன்பெல்லாம் கல்லூரிப் பையன்கள்தான் இப்படிப் போவார்கள். இப்போது பாட்டி முதல் பேரன் வரை குடும்பமாகவே போகிறார்கள். எஸ்டேட் ஓரங்களில் டென்ட் போட்டுத் தரும் இடங்களும் பெருகிவிட்டன.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் மொபைலில் 'கேம்ப்பிங் கத்தி' என்று தேடிப் பாருங்கள். ஒரு அடி நீளக் கறுப்புக் கத்தி, முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் திசைகாட்டி, கூடவே தீக்குச்சி டப்பா... புலியோடு சண்டைபோடப் போகிறோமோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். இன்னொரு பக்கம், "எதுக்கும் இருக்கட்டும்" என்று தோட்டத்து அரிவாளைத் துணியில் சுற்றி கார் டிக்கியில் போடும் சித்தப்பாக்களும் உண்டு.

இரண்டு ராத்திரி டென்ட்டில் தங்கும் ஒரு குடும்பம் உண்மையில் என்னத்தை வெட்டுகிறது? வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய். பால் பாக்கெட், மசாலா பாக்கெட், பிரெட். துணி காயப்போடக் கொஞ்சம் கயிறு. பிளாஸ்திரி, மாத்திரை அட்டை. குழந்தையின் சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல். அவ்வளவுதான். இதில் எதுவும் 4 அங்குலக் கத்தியைத் தாண்டி எதையும் கேட்பதில்லை. வாங்கும் முன் இப்படி ஒரு பட்டியலைப் பேப்பரில் எழுதிப் பாருங்கள். பாதிச் செலவு அங்கேயே மிச்சம்.

முதலில் ஒரு நல்ல சின்னக் கத்தி

பெரும்பாலான குடும்பங்களுக்கு இது சமையலறையிலேயே இருக்கிறது. காய் நறுக்கும் சின்னக் கத்தி, 3 முதல் 4 அங்குல அலகு. அதற்கு ஓர் உறை மட்டும் வேண்டும். தடித்த அட்டையை இரண்டாக மடித்து, ஓரத்தை பேக்கிங் டேப்பால் ஒட்டி, அலகைச் செருகி ஒரு ரப்பர் பேண்டு போட்டால் முடிந்தது. உறையில்லாத கத்தியைப் பைக்குள் போடவே போடாதீர்கள். இருட்டில் டார்ச் தேடித் துழாவும் கைதான் முதலில் வெட்டுப்படும்.

புதிதாக வாங்குவதென்றால், மடக்குக் கத்தியா, மடக்காத கத்தியா என்பதுதான் முதல் கேள்வி. மடக்காத கத்தியில் அசையும் பாகம் கிடையாது. அழுத்தி வெட்டினாலும் கைமேல் மடியாது, அலசிக் கழுவுவதும் சுலபம். ஸ்வீடனின் மோரா என்ற ஊர்ப் பெயரில் வரும் கத்திகள் இதற்கு நல்ல உதாரணம். 10 சென்டிமீட்டர் அலகு, பிளாஸ்டிக் உறை, எல்லாம் சேர்த்து நூற்றுச்சொச்சம் கிராம்தான். பார்க்க ஒரு கம்பீரமும் கிடையாது. ஆனால், வேலை நடக்கும்.

மடக்குக் கத்தி பாக்கெட்டில் அடங்கும் என்பது அதன் வசதி. ஆனால், விரித்தபின் அலகு பூட்டிக்கொள்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியில் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகினால் அலகு நகராது. 1890-ல் பிறந்த கத்தி அது. அந்த வளையத்தை 1955-ல்தான் சேர்த்தார்கள். பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால் நறுக்கலாம், சீவலாம். குத்தித் துளைபோட முயன்றால் அலகு விரல்மேல் மடிந்துவிடும்.

எஃகு விஷயம் சுருக்கமாக. கார்பன் ஸ்டீல் சுலபமாகக் கூர் ஏறும். ஆனால், எலுமிச்சை, தக்காளி பட்டால் கறுக்கும், மலை ஈரத்தில் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவும் பொறுமை இருந்தால் வாங்கலாம். இல்லாதவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் போதும்.

எந்தக் கத்தியானாலும் கிளம்பும் முன் சாணை பிடித்துவிடுங்கள். மொட்டைக் கத்திதான் ஆபத்தானது. வெட்டவில்லையே என்று அழுத்துவோம். அது வழுக்கிக்கொண்டு போய் இடது கையில் இறங்கும். சாணைக்காரர் கிடைக்காவிட்டால், பீங்கான் கப்பைக் கவிழ்த்து அடியில் சொரசொரப்பாக இருக்கும் வளையத்தில் தீட்டலாம். பழுத்த தக்காளியின் தோல் அழுத்தாமலே அறுபட்டால் கூர் சரி.

ஒன்றுக்குள் பத்து

சிவப்புக் கைப்பிடி சுவிஸ் கத்தியைப் பார்த்திராதவர்கள் குறைவு. 1891-ல் சுவிட்சர்லாந்து ராணுவத்துக்காக கார்ல் எல்ஸ்னர் சப்ளை செய்த கத்தியில் ஓர் அலகு, ஒரு தமரூசி, டப்பா திறக்கும் கருவி, ஸ்க்ரூடிரைவர் இருந்தன. ஸ்க்ரூடிரைவர் துப்பாக்கியைப் பிரித்துச் சுத்தம் செய்வதற்காம். 1983-ல் அமெரிக்காவின் டிம் லெதர்மேன் மடக்குக் குறட்டை நடுவில் வைத்து ஒரு கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு விதை, 1975-ல் ஓட்டை ஃபியட் காரில் மனைவியோடு ஐரோப்பா சுற்றியபோது விழுந்தது. கையில் கத்தி இருக்கிறது, குறடு இல்லை என்று அவர் வழியெல்லாம் தவித்தார்.

குடும்ப கேம்ப்பிங்குக்கு இந்த இரண்டில் எது? சாதாரண சுவிஸ் கத்தி சுமார் 60 கிராம். குறடு வைத்தவை கால் கிலோவை நெருங்கும். பைக்கில் போகிறவர்கள், ஸ்டவ்வைக் கழற்றி மாட்டுகிறவர்கள் குறடு வாங்கலாம். மற்றவர்களுக்கு என் ஓட்டு, கத்தரிக்கோல் உள்ள சின்ன சுவிஸ் கத்திக்கு. அலகைவிட அந்தக் கத்தரிக்கோல்தான் அதிகம் வெளியே வரும். பாக்கெட், பிளாஸ்திரி, பேண்டேஜ், நகம் எல்லாவற்றுக்கும் அதுதான். சிறுவர்களிடம் கொஞ்சம் தைரியமாகக் கொடுக்கவும் முடியும்.

'மேட் இன் ஏதோ ஓர் ஊர்' என்று டார்ச்சோடு இலவசமாக வரும் மலிவு மல்டி டூல் வேண்டாம். நம் ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' படம் நினைவிருக்கிறதா? அந்தக் கதை நிஜம். 2003-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், குறுகலான பாறை இடுக்கில் தனியாக இறங்கிய ஏரன் ரால்ஸ்டனின் வலது கை பாறைக்கு அடியில் சிக்கியது. ஐந்து நாள் கழித்துத் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். அவரிடம் இருந்தது மழுங்கிப்போன ஒரு மலிவு மல்டி டூல். அதைவிடப் பெரிய சிக்கல், எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லாமல் போனது. எவ்வளவு நல்ல கத்தியும் அதற்கு ஈடாகாது.

அரிவாள், கோடாலி, ரம்பம்

மூன்று கருவி கொண்டுபோனவர்கள் இருந்திருக்கிறார்கள். 'நெஸ்முக்' என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், 1884-ல் வெளியான 'வுட்கிராஃப்ட்' புத்தகத்தில் இருபக்கமும் வாய் உள்ள ஒரு சின்னக் கைக்கோடாலி, மெல்லிய அலகுள்ள கத்தி, ஒரு பேனாக்கத்தி என்று தன் சாமான்களைச் சொல்கிறார். கேம்ப்பிங் ஆர்வலர்கள் இன்றும் கோடாலி வாங்க அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால், அந்த மனிதர் 5 கிலோகூட இல்லாத படகில் நாட்கணக்கில் தனியாகச் சுற்றியவர். படுக்கக் கூரையும் ராத்திரி முழுக்க எரியும் நெருப்பும் அவரே மரம் வெட்டித்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். நமக்கு டென்ட் வாடகையிலேயே ராத்திரிச் சாப்பாடும் சேர்த்தி!

அரிவாள் நம் ஊர்க் கருவி. திருப்பாச்சேத்தி அரிவாளின் பேர் தெரியாத தமிழர் உண்டா? ஆனால், அது பழகிய கைக்கான கருவி. இளநீர் சீவுகிறவரும் வேலிக்கு முள் வெட்டுகிறவரும் தினமும் வீசி வீசி அந்தக் கணக்கைக் கையில் ஏற்றியவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறவர், அந்தி வெளிச்சத்தில், களைப்போடு, ஈர விறகில் ஓங்கும்போது குறி தவறினால் அது முழங்காலுக்குக் கீழேதான் போய் நிற்கும். கோடாலிக்கும் இதே கதை.

விறகு அவசியம் என்றால் மடக்கு ரம்பம் போதும். கிளை கவாத்து செய்ய நர்சரிக் கடைகளில் விற்பதுதான். ஓங்க வேண்டியதில்லை, இழுத்தால் அறுக்கும். மணிக்கட்டு கனம் உள்ள காய்ந்த கட்டை ஓரிரு நிமிடத்தில் துண்டாகும். அதுவும் இடத்துக்காரர் அனுமதித்த இடத்தில், கீழே விழுந்த காய்ந்த கட்டையில் மட்டும். பச்சை மரத்தில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை, அது புகைவதைத் தவிர வேறெதுவும் செய்யாது. காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டோம். சின்ன கேஸ் ஸ்டவ் இருந்தால் ரம்பமும் வேண்டாம்.

செக்போஸ்டில் என்ன ஆகும்?

இது பலருக்குத் தெரிவதில்லை. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. அந்தச் சட்டம் ஆயுதம் என்று வரிசைப்படுத்தும் பொருட்களில் துப்பாக்கி, கண்ணி, விஷத்தோடு கத்தியும் இருக்கிறது. எனவே, முதுமலை, ஆனைமலைப் பக்கம் போகும்போது காய் நறுக்கும் கத்தியாக இருந்தாலும் சமையல் சாமானோடு வையுங்கள். இடுப்பில் செருகிக்கொண்டு இறங்காதீர்கள். கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள், வைத்துவிட்டுப் போகச் சொன்னால் வைத்துவிடுங்கள். தங்குமிடத்தில் சமையலறை இருக்கிறதா என்று முன்பே போனில் கேட்டுவிட்டால் கத்தியே தேவைப்படாமல் போகலாம்.

9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவை தவிர, ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. அந்த ஒரு அடி 'சர்வைவல்' கத்தியை அந்த இரண்டிலும் சேர்ப்பது கஷ்டம். நடுராத்திரி வாகனச் சோதனையில் அதற்கு விளக்கம் சொல்வது இன்னும் கஷ்டம். விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்கவே முடியாது, செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும்.

கையில் எடுக்கும்போது

நம் வீட்டுப் பெரியவர்கள் கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்க மாட்டார்கள். கீழே வை, எடுத்துக்கிறேன் என்பார்கள். கையில் கொடுத்தால் சண்டை வருமாம். சண்டை வருமோ வராதோ, முகாமில் இதைவிட நல்ல பழக்கம் இல்லை. பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள். கத்தியை எடுத்ததும் கையை நீட்டி ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் யாராவது இருந்தால் வேலையைத் தொடங்கக் கூடாது. உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும், மடிமேல் வைத்து வெட்டக் கூடாது. தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. ஒரு சின்னப் பலகை கொண்டுபோனால் உள்ளங்கையில் வைத்துத் தக்காளி நறுக்கும் வீரம் தேவைப்படாது. முடிந்தால் காயை வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் அடைத்துவிடுங்கள், கறியைக் கடையிலேயே சிறு துண்டாகப் போடச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. காபித்தூளும் மஞ்சளும் வேண்டாம், டாக்டர் அதைக் கழுவி எடுப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். அலகு உடைந்து உள்ளே நின்றால் பிடுங்காதீர்கள். மலையில் சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு. 108-ஐ எங்கிருந்து கூப்பிட முடியும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்பதை டென்ட்டுக்கு முன்பணம் கட்டும்போதே இடத்துக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் நின்றுவிட்டாலும், வெட்டுப்பட்ட விரல் மடங்கவில்லை என்றாலோ, நுனி மரத்துப்போயிருந்தாலோ நரம்போ தசைநாரோ அறுந்திருக்கலாம். டி.டி. ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு திரும்பிவிடாமல், அன்றைக்கே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.