எந்த அலுவலகமும் மறுபடி வழங்காத படம்

ஒரு வீட்டின் கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் சேர்ந்துகிடப்பவற்றை, தொலைந்தால் அரசிடம் மறுபடி கேட்டு வாங்கக்கூடியவை, யாரிடம் கேட்டாலும் கிடைக்காதவை என்று இரு கூறாகப் பிரித்துப் பார்ப்பது பாதுகாப்பின் முதல் படியாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் அதன் சுற்றுப்புற மாவட்டங்களிலும் பட்டா, குடும்ப அட்டை, கல்விச் சான்றிதழ் ஆகியவற்றை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல்களை வழங்கியது. அதே வெள்ளத்தில் நனைந்து மட்கிய கல்யாண ஆல்பத்துக்கோ, இறந்துபோன தாயின் ஒரே ஒளிப்படத்துக்கோ முகாம் நடத்த எந்தத் துறையாலும் இயலவில்லை, ஏனெனில் அவற்றின் மூலம் வேறெங்கும் இருக்கவில்லை. இன்று ஆல்பத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டுள்ளது. இழப்பின் தன்மையோ மாறவில்லை.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலையில் இத்தகைய இழப்புக்குச் சட்டம் சார்ந்த கனமும் உண்டு. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். தலைமுறைகளாக உழுதுவரும் காட்டு நிலத்துக்கு உரிமை கோரும்போது அவர்கள் சார்ந்து நிற்பது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் அதன்கீழ் 2008-இல் வெளியான விதிகளுமாகும். எவையெல்லாம் சான்றாக ஏற்கப்படும் என்று கூறும் 13-ஆம் விதி, அரசு ஆவணங்களோடு நின்றுவிடாமல், வீடு, குடிசை, நிலத்தைச் சமப்படுத்திய தடம், கரை, தடுப்பணை ஆகியவற்றையும், கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் போன்ற பழமையைக் காட்டும் அமைப்புகளையும், வம்சாவளியையும், ஊர்ப் பெரியவர்கள் எழுத்தில் தரும் வாக்குமூலத்தையும் சான்றாக எண்ணுகிறது. இடிந்து கொண்டிருக்கும் ஒரு பழைய கிணற்றின் படமும், எண்பது வயதுப் பாட்டி தன் மாமனார் எந்தக் கொல்லையில் சாமை விதைத்தார் என்று சொல்லும் காணொளியும் தம்மளவிலேயே உரிமையை நிலைநாட்டிவிட மாட்டா. நிலம் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அனுபவத்தில் இருந்ததைக் கிராம சபையும் அதன் வன உரிமைக் குழுவும் பிற சான்றுகளோடு சேர்த்தே முடிவு செய்யும். ஆயினும் கிணறு தூர்ந்து, பாட்டியும் மறைந்த பின், எஞ்சுவது அந்தப் பதிவு மட்டுமே. அது ஒரே ஒரு கைப்பேசியில் இருக்கிறது என்றால், கிராம சபை தீர்மானத்துக்கு எதிராகக் கோட்ட அளவிலான குழுவிடம் மேல்முறையீடு செய்ய அளிக்கப்பட்டுள்ள 60 நாள்களும் வெறும் கையோடு கழியக்கூடும்.

கைப்பேசியிலுள்ளவை அழியும் வழிகளைத் தெரிந்துகொள்வதில் ஒரு குழப்பம் முதலில் நீங்க வேண்டும். இணையக் கணக்கில் படங்கள் தாமாகவே ஏறுவது பெரும்பாலும் ஒத்திசைவு, அதாவது இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். ஒரு பக்கத்தில் குழந்தையின் விரல் பட்டு அழிந்த படம், குப்பைத் தொட்டியில் சில வாரங்கள் தங்கிவிட்டு, மறுபக்கத்திலும் அழியும். காப்புப் பிரதி, பேச்சு வழக்கில் பேக்கப், என்பது அதனின்று வேறுபட்டது. மூலத்தில் என்ன நடந்தாலும் மாறாமல் தனியே இருக்கும் இன்னொரு படியையே அச்சொல் குறிக்கும். கூகுள் போட்டோஸ் வரம்பின்றி இலவசமாகப் படங்களை ஏற்றது 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் 15 ஜி.பி. இடத்தை மின்னஞ்சலும் வாட்ஸ்அப் பேக்கப்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத கணக்கை நீக்கிவிடலாம் என்ற விதியும் 2023 முதல் அந்நிறுவனத்திடம் உள்ளது. இறந்தவரின் கணக்கை வீட்டார் யாரும் திறக்காமலிருந்தால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே விளங்கும். சரிவு ஒன்றைத் தாண்டியதும் சிக்னல் கைவிட்டுவிடும் ஊர்களில், ஏறிவிட்டதாக நினைத்த படங்கள் ஏறாமலே நிற்பதும் நடக்கிறது. ஆகவே மலை வீடுகளுக்கு வெளிச் சேமிப்புக் கருவியே முதல் காப்பாகவும் இணையம் இரண்டாம் காப்பாகவும் அமைவது பொருந்தும்.

உடைந்த கைப்பேசியிலிருந்து கடைக்காரர் எப்படியாவது எடுத்துத் தந்துவிடுவார் என்ற நம்பிக்கை பழைய காலத்துக்குரியது. அண்மை ஆண்டுகளில் வந்த கைப்பேசிகளில் உள்ளவை யாவும் மறையாக்கப்பட்டவை, அதாவது திறவுகோலின்றி வாசிக்க முடியாத வடிவில் எழுதப்பட்டவை. திரை உடைந்திருந்தால் திரையை மாற்றி மீட்கலாம். போர்டு பழுதானால் சில வேளை அதைச் சரிசெய்தும் மீட்கலாம். ஆனால் கடையில் முழுமையாக ரீசெட் செய்துவிட்டால் அந்தத் திறவுகோலே அழிந்துபோவதால் மீட்புக்கு வழியில்லை. பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்வதோடு, ரீசெட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது இதனால் இன்றியமையாததாகிறது.

வெளிக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் மிகப் பெரிய அபாயம் போலிக் கொள்ளளவு ஆகும். 1 டி.பி. என்று அச்சிட்டு நம்ப முடியாத விலைக்கு விற்கப்படும் சில பென்டிரைவ்களில் உண்மையில் இருப்பது 16 அல்லது 32 ஜி.பி. மட்டுமே, கணினிக்குப் பொய்யான அளவைக் காட்டும்படி அவை மாற்றப்பட்டிருப்பதால், இடம் நிரம்பிய பின்னும் படியெடுப்பு முடிந்ததாகவே தோன்றும், கோப்புப் பெயர்களும் தெரியும், திறந்தால் மட்டும் படம் வராது. வாங்கிய அன்றே கருவி முழுவதையும் கோப்புகளால் நிரப்பி, கழற்றி மறுபடி செருகி, கடைசியாகப் போனவற்றைத் திறந்து பார்ப்பதே எளிய சோதனை. பென்டிரைவும் எஸ்எஸ்டியும் நுண்ணிய அறைகளில் தேக்கிய மின்னூட்டமாகவே தகவலை வைத்திருப்பதால், ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாமல் பெட்டிக்குள் கிடந்தால் அது மெல்லக் கசியலாம். சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்டு டிஸ்க் அவ்வகையில் நீண்ட நாள் கிடப்புக்கு ஏற்றது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் தாங்காது. மழைக்கால ஈரம், இடி, ஏறி இறங்கும் மின்னழுத்தம் ஆகிய மூன்றும் மலையில் சேர்ந்தே வருவதால், படியெடுத்து முடிந்ததும் கருவியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். கழற்றி வைத்த கருவியை, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் தீநிரலும் தொட முடியாது.

கைப்பேசியை வயரால் கணினியுடன் இணைத்ததும் அது சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே அனுமதிக்கும். திரையை மேலிருந்து இழுத்து, கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்த பிறகே உள்ளடக்கம் கணினியில் தெரியும். தமிழக அரசுப் பள்ளிகளில் 2011 முதல் வழங்கப்பட்ட இலவச மடிக்கணினி வீட்டில் இருந்தால் இவ்வேலைக்கு அதுவே போதும். கணினி இல்லாத வீட்டில் ஓடிஜி எனப்படும் சிறு இணைப்பியைக் கொண்டு பென்டிரைவை நேராகக் கைப்பேசியிலேயே செருகலாம். கேமரா எடுத்த படங்கள் டிசிஐஎம் என்ற உறையிலும், வாட்ஸ்அப்பில் வந்தவை ஆண்ட்ராய்டு, மீடியா என்ற உறைகளுக்குள்ளும் இருப்பதால், முதலாவதை மட்டும் எடுத்தவர் இரண்டாவதை விட்டுவிடுகிறார். 64 ஜி.பி. அளவை நொடிக்கு 30 எம்.பி. வேகத்தில் நகர்த்த 36 நிமிடம் ஆகும். சிறு படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் நீளும். முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, நடுவிலிருந்து பத்துப் படங்களையும் ஒரு காணொளியையும் திறந்து ஓட்டிய பின்னரே கைப்பேசியில் எதையும் அழிக்கலாம். கணினியில் பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுக்காமல் பிடுங்கிய பென்டிரைவில், எழுதி முடியாத கோப்புகள் பாதியில் நின்றுபோகும்.

சான்றாகப் பயன்படக்கூடிய படங்களுக்கு இன்னொரு கவனம் தேவை. எடுத்த நாள், நேரம், இருப்பிட வசதி இயங்கியிருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியன படக்கோப்புக்குள்ளேயே பதிவாகின்றன. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இவை உதிர்ந்துவிடுவதோடு படமும் சுருங்கிவிடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச்சேரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் படியை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சான்றிதழ் ஒன்றைக் கேட்கிறது; கோப்பின் கைரேகை எனத்தக்க ஹேஷ் மதிப்பு, அதாவது ஒரு புள்ளி மாறினாலும் வேறாகிவிடும் கணித எண், அதில் குறிக்கப்பட வேண்டும். மூலக் கருவியையே நேரில் காட்டி மெய்ப்பித்தால் அச்சான்றிதழ் தேவைப்படாது என்று பழைய சாட்சியச் சட்டத்தின் கீழ் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. ஆகவே வழக்கில் பயன்படக்கூடிய படங்களைக் கொண்ட பழைய கைப்பேசியை, படியெடுத்த பிறகும், பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டுவிடலாகாது.

இதே மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை நடத்திவரும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், கொடைக்கானலில் 1904 முதல் தகடுகளிலும் பிலிம்களிலும் பதிவான சூரியப் படங்களை எண்மயமாக்கியதோடு மூலங்களையும் காத்துவருகிறது. நேற்றைய சூரியனை மறுபடி படம்பிடிக்க முடியாது என்பதே அங்குள்ள நியாயம். வீட்டுப் படத்துக்கும் அது பொருந்தும். மூன்று படிகள், இரு வகைக் கருவிகளில், ஒன்று வேறிடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய விதியை, கைப்பேசியில் ஒன்று, வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, போளூரிலோ திருப்பத்தூரிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒன்று என மலைக்குடும்பம் எளிதில் கைக்கொள்ளலாம்.

இழப்பு நேர்ந்த பின் உள்ள தீர்வுகளில், போலி பென்டிரைவ் விற்றவர் மீதும் ஒப்புதலின்றி ரீசெட் செய்த கடை மீதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். வாங்கிய ஊர் எதுவாயினும், முறையிடுபவர் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம் என்பதும், செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை என்பதும் பலர் அறியாதவை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கூறலாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமை தருகிறது. அதற்கான எண் 15100. பழுதுபார்க்கக் கொடுத்த கைப்பேசியிலிருந்து படங்களை எடுத்துக்கொள்வதும் அழிப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்கீழ் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாகலாம். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் ஒப்புதலின்றி எடுப்பதையும் பரப்புவதையும் 66இ பிரிவு தண்டிக்கிறது. புகாரை 1930 எண்ணில் அல்லது காவல் நிலையத்தில் அளிக்கலாம். திருட்டுப்போன கைப்பேசியை முடக்க, காவல் நிலையப் புகார் நகலுடன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எனப்படும் கருவி அடையாள எண்ணைப் பதிய வேண்டும். அந்த எண்ணைக் கருவி கையிலிருக்கும்போதே *#06# அழுத்திப் பார்த்துக் குடும்ப அட்டையின் உறையில் எழுதி வைப்பது உதவும்.

சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வன உரிமைப் பட்டா ஆகியவற்றின் படங்களைக் கடவுச்சொல்லிட்ட உறையில் வைப்பது நல்லது. ஆனால் அந்தக் கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருப்பது, படமே இல்லாததற்குச் சமம் என்பதால், வீட்டில் இன்னொருவர் அதை அறிந்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் இறந்த பின் அவருடைய தரவு உரிமைகளைச் செயல்படுத்த நியமனதாரரைக் குறிக்கும் உரிமைக்கும் வகை செய்துள்ளது. ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்து காற்று உலர்ந்த தை, மாசி மாதங்களில் ஹார்டு டிஸ்க்கைச் செருகி, அந்த இன்னொருவரையே திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.