கலங்கிய வெள்ளத்தில் கிராப்பி மீன்

‘குட்டையைக் குழப்பி மீன் பிடித்தல்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பிறருடைய குழப்பத்தில் தம் ஆதாயத்தைத் தேடுவோரைச் சுட்டவே அதனைப் பெரிதும் ஆளுகிறோம். அதன் நேர்ப்பொருளை எண்ணிப் பார்ப்போர் குறைவு. நீர் கலங்கினால் மீன் எளிதில் அகப்படுமா? அன்றி, கண்ணுக்கும் தூண்டிலுக்கும் எட்டாமல் மறைந்துவிடுமா? அமெரிக்க நாட்டில் ஒவ்வோர் இளவேனிலிலும் தூண்டிற்காரர் பலர் இக்கேள்வியோடுதான் ஏரிக்கரையில் நிற்கின்றனர். அவர்கள் தேடும் மீனின் பெயர் கிராப்பி.

கிராப்பி, வட அமெரிக்காவின் நன்னீர்களில் வாழ்வது. தட்டையான உடலும் வெள்ளி நிறமும் கரும்புள்ளிகளும் உடையது. இதில் வெண்கிராப்பி, கருங்கிராப்பி என இரு வகைகள் உள. முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணி இவற்றைப் பிரித்தறியலாம். வெண்கிராப்பிக்குப் பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு முட்கள், கருங்கிராப்பிக்கு ஏழு அல்லது எட்டு. தெளிந்த நீரையும் நீர்ப்பாசியையும் கருங்கிராப்பி விரும்பும். கலங்கலைத் தாங்கும் ஆற்றல் வெண்கிராப்பிக்கே மிகுதி. இதன் தசை வெண்மையும் சுவையும் உடையதாதலின், பொரித்து உண்பதற்கு இதனினும் சிறந்த மீனில்லை என்பர் அந்நாட்டுத் தென்பகுதி மக்கள்.

ஏரி உயரும் காலம்

இம்மீனுக்குப் பெயர்பெற்ற இடங்களுள் மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கிலுள்ள நான்கு நீர்த்தேக்கங்கள் முதன்மையானவை. 1927 ஆம் ஆண்டில் மிசிசிப்பி ஆறு கரையுடைத்து ஊர்களை அழித்தது. அப்பேரழிவு தந்த படிப்பினையால் வெள்ளத் தடுப்புப் பணிகள் பெருகின. அவற்றின் தொடர்ச்சியாகச் சார்டிஸ் 1940-லும், அர்க்கபட்லா 1943-லும், ஈனிட் 1952-லும், கிரனாடா 1954-லும் கட்டி முடிக்கப்பட்டன. உலகிலேயே பெரிய வெண்கிராப்பி என்று பதிவான ஐந்து பவுண்டு மூன்று அவுன்சு மீன், 1957-இல் ஈனிடில் பிடிபட்டதாகும்.

இவை வெள்ளத்தைத் தாங்குவதற்கென அமைந்தவை. ஆகவே குளிர்காலத்தில் நீரை வெளியேற்றி வைப்பர். இளவேனில் மழையில் நிரம்ப விடுவர். கிரனாடாவின் நீர்மட்டம் குளிர்காலத்தில் கடல்மட்டத்துக்கு மேல் 193 அடியாகவும், கோடையில் 215 அடியாகவும் இருக்கும்படி வகுத்துள்ளனர். மழை மிகுந்தால் அதனையும் கடந்து நீர் ஏறும். அப்போது கரையோர வில்லோ மரங்களும் புதர்களும் இடுப்பளவு நீரில் நிற்கும். யாலோபுஷா, ஸ்கூனா எனும் இரு ஆறுகளும் வயல் மண்ணைச் சுமந்து வருவதால் ஏரியே பால் கலந்த தேநீர் போலாகிவிடும்.

புதிதாகத் தூண்டில் பிடிப்பவன் இதனைக் கண்டதும் வீடு திரும்புவான். அல்லது, மீன் ஆழத்துக்குப் போயிருக்கும் என்றெண்ணி நடு ஏரிக்குச் செல்வான். அனுபவசாலியோ கரையை நோக்கிப் படகைத் திருப்புவான். ஏன்?

மீன் கரைக்கு வருவதேன்?

இதற்குக் காரணங்கள் நான்கு. முதலாவது, ஒளி. மண்துகள் நிறைந்த நீரில் கதிரவன் ஒளி நெடுந்தொலைவு இறங்காது. தெளிந்த நீரில் பத்து, பதினைந்து அடி ஆழத்தில் இரையைக் கண்டு வாழ்ந்த கிராப்பி, கலங்கலில் இரண்டு, மூன்றடி ஆழத்துக்கே வந்துவிடும்.

இரண்டாவது, வெப்பம். மண்துகள்கள் கதிரவன் வெப்பத்தை ஏற்பதால் கலங்கல் நீரின் மேற்பகுதி விரைவில் சூடேறும். நீரின் வெப்பம் பாரன்ஹீட் அளவில் 60-லிருந்து 68 பாகையை எட்டும்போது கிராப்பி முட்டையிடும். ஆண்மீன் ஆழங்குறைந்த இடத்தில் கூடமைத்து முட்டைகளைக் காவல் காக்கும்.

மூன்றாவது, உணவு. புதிதாக நீர் ஏறிய நிலத்தில் புழுக்களும் பூச்சிகளும் மிகுதி. அவற்றை நாடிச் சிறுமீன்கள் வரும். சிறுமீன்களை நாடிக் கிராப்பி வரும். நான்காவது, காப்பு. கண்ணால் தொலைவைக் காணவியலாத மீன், திறந்த வெளியில் அலைவதை விடுத்து மரத்தடியோடும் புதரோடும் ஒட்டிக்கொள்ளும். இருட்டறையில் நாம் சுவரைத் தடவி நிற்பதைப் போன்றதே இது.

எனவே கலங்கல் மீனை மறைப்பதில்லை. எண்ணி அறியத்தக்க சில இடங்களில் அதனைக் கொண்டு சேர்க்கிறது. இதனை உணர்ந்தவர்க்குப் பரந்த ஏரியும் சில புதர்களின் அளவுக்குச் சுருங்கிவிடும்.

தேடும் முறை

முதலில் நீரின் தெளிவை அளத்தல் வேண்டும். 1865-இல் இத்தாலியப் பாதிரியார் ஆஞ்சலோ செக்கி, வெண்தட்டு ஒன்றைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு நீரின் தெளிவை அளந்தார். தூண்டிற்காரனுக்கு வெண்ணிற இரை ஒன்றே போதும். அதனை மெல்ல இறக்க, ஓரடியில் மறைந்தால் கலங்கல் மிகுதி. இரண்டு, மூன்றடி வரை தெரிந்தால் நிலைமை நன்று.

அடுத்து, தெளிந்த நீர் எங்குள்ளது எனத் தேடுக. மழை பெய்த உடனே ஏரியின் தலைப்பகுதி கலங்கும். அணைப்பகுதி சில நாள் தெளிவாக இருக்கும். பின்னர்க் கலங்கல் கீழிறங்க, தலைப்பகுதி முந்தித் தெளியும். சிற்றோடை ஒன்று தெளிந்த நீரைக் கொணர்ந்து கலங்கலோடு கூடும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் இரு நிறம் தோன்றும். அக்கோட்டின் ஓரம் இரைமீன்களும், அவற்றைப் பற்றும் கிராப்பியும் கூடும்.

ஆறாயின் நீரோட்டத்தைக் கவனித்தல் வேண்டும். விரைந்தோடும் வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் வன்மை கிராப்பிக்கு இல்லை. ஆதலால் வளைவின் உட்புறம், சாய்ந்த மரத்தின் பின்புறம், கிளையோடையின் வாய், தேங்கு நீர் ஆகியவற்றில் அது ஒதுங்கும்.

இரையை வீசியெறிவதினும் நேரே கீழிறக்குவதே ஏற்றது. பத்து அல்லது பன்னிரண்டடி நீளமுள்ள கோலால், புதரின் நடுவில் அடித்தண்டை ஒட்டி இரையை இறக்கி, அசையாமல் பிடித்தல் வேண்டும். கிராப்பி மேல்நோக்கி இரை தேடுவதால், மீன் நிற்கும் ஆழத்துக்குச் சற்று மேலே இரை தொங்குவது நன்று. உயிருள்ள சிறுமீனோ, கருமையும் இளம்பச்சையும் கலந்த செயற்கை இரையோ கலங்கலில் எடுப்பாகத் தெரியும். மீனின் பக்கவாட்டிலுள்ள உணர்கோடு நீரின் அதிர்வை அறியுமாதலால், சற்றுப் பருத்த இரை பயன் தரும். தூண்டிலில் பட்ட பின் வெட்டி இழுத்தலாகாது; இதன் வாய்த்தோல் காகிதம் போல் மெல்லியது, கிழிந்துவிடும்.

நீர் இறங்கத் தொடங்கியதும் இவ்வளவும் மாறும். வற்றும் நிலத்தில் அகப்படாதிருக்க, மீன் முதல் நாளிலேயே ஆழத்தின் விளிம்புக்குப் பெயர்ந்துவிடும். நேற்று மீன் தந்த புதர் இன்று வெறும் புதர். ஆகவே கரையில் ஒரு குச்சியை நட்டு, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா எனக் காலையிலேயே காண்பது அறிவுடைமை.

நிலைத்த கலங்கல்

நீர்மட்டம் திடீரென இறங்கினால் கரையோரக் கூடுகள் உலர்ந்து முட்டைகள் அழியும். உயர்ந்த நீர் சில வாரம் நிலைத்தாலோ குஞ்சுகள் மிகுதியாகப் பிழைக்கும். ஆதலின் சில நாள் கலங்கலைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்சத்தக்கது நீங்காத கலங்கலே.

ஆர்க்கன்சா மாநிலத்தின் சிக்கோ ஏரி இதற்குச் சான்று. மிசிசிப்பி ஆறு தன் பழைய வளைவைக் கைவிட்டதால் உண்டான ஏரி அது. வெள்ளத்தடுப்புக் கரைகள் எழுந்தபின், சுற்றுவட்டாரத்து வயல்களின் சேற்றுநீர் அதனுள் பாய்ந்தது. ஒளி புகாத நீரில் நுண்பாசி செழித்து வளராது. படியும் வண்டல் மீன் கூட்டை மூடும். மீன்வளத்துக்குப் பெயர்பெற்றிருந்த அவ்வேரி பல்லாண்டுகள் சீர்குலைந்து கிடந்தது. 1985-இல் பெரிய நீரேற்று நிலையம் ஒன்று அமைத்து, சேற்றுநீரை ஆற்றுக்கே திருப்பிய பின்னர்தான் ஏரி மீண்டது.

இறுதியாக ஒன்று. பெருகிய நீரில் மிதந்து வரும் மரக்கட்டை படகைக் கவிழ்க்கும். நேற்றுவரை தரையாயிருந்த இடத்தில் வேலியும் முள்கம்பியும் மறைந்திருக்கும். மிதவைச் சட்டை அணியாது வெள்ளத்தில் இறங்குபவன், ஒரு வேளை உணவுக்கு உயிரைப் பணயம் வைப்பவனாவான். நீர் ஏறுவதையும் இறங்குவதையும் அறிந்து இடம் மாறுகிறது மீன். அதனைத் தேடிச் செல்லும் மனிதனுக்கும் அவ்வறிவு வேண்டுமன்றோ?