மூன்று பக்கமும் ரசிகர்கள்

மும்பை ஜுஹு கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பிருத்வி தியேட்டரில் ஏறத்தாழ 200 பேர்தான் உட்காரலாம். ‘முகல்-ஏ-ஆசம்’ படத்தில் அக்பராக நடித்த பிருத்விராஜ் கபூர் 1944இல் தொடங்கிய நாடகக் குழு, சொந்த அரங்கு இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றியது. 1972இல் அவர் மறைந்தபின், மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிஃபரும் 1978இல் இந்த அரங்கைத் திறந்தார்கள். இதைச் சிறியதாகவே கட்டியதற்காக அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

சென்னை சபா நாடகத்தில் மேடை எதிரே உயரத்தில் இருக்கும். திரை ஏறும், இறங்கும். மேலிருந்து மைக் தொங்கும். பிருத்வியில் ஆடுமிடம் பார்வையாளர்களுக்கு நடுவே நீண்டு வருகிறது. அதன் மூன்று பக்கமும் இருக்கைகள் படிப்படியாக மேலேறுகின்றன. தெருக்கூத்தைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான்.

இந்த நெருக்கத்தின் முதல் பலன் காதுக்கு. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். 5 மீட்டரில் கேட்கும் குரல் 20 மீட்டரில் பதினாறில் ஒரு பங்குதான். கூடத்துக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஓரளவு ஈடுகட்டும். ஆனால் கூடம் பெரிதாகப் பெரிதாக அதுவே தாமதமாக வந்து சொற்களைக் குழப்பும். பெரிய அரங்கில் ரகசியத்தைக்கூட உரக்கச் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான். சின்ன அரங்கில் ரகசியம் ரகசியமாகவே காதில் விழுகிறது. கண்ணுக்கும் அப்படியே: உதட்டோரத் துடிப்பு, சட்டென்று தாழும் இமை எல்லாம் தெரிகின்றன. நாட்டிய சாஸ்திரம் 64 முழ நீளமும் 32 முழ அகலமும் உள்ள நடுத்தர அரங்கே நல்லது என்கிறது. அதைவிடப் பெரிதானால் வசனம் தெளிவாகக் கேட்காது, முகபாவம் தெரியாது என்று காரணமும் சொல்கிறது.

நடிகருக்கு இது கடினமான களம். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்கோ முதுகுதான் தெரியும். ஆகவே இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நகர்வுக்குக் கதையில் காரணமும் இருக்க வேண்டும். உயரமான செட் வைத்தால் ஒரு பக்கத்தாருக்கு மறைக்கும். பொய் அழுகையை முதல் வரிசை உடனே கண்டுகொள்ளும். நடிப்பு இங்கே கூர்மைப்படுவது இந்த நெருக்கடியால்தான் என்பேன்.

மும்பை போனால் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். நாடகம் தொடங்கிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், முன்னதாகவே போய்விடுங்கள். ஓரத்து இருக்கை கிடைத்தால் வருந்த வேண்டாம், எதிர்ப்பக்க ரசிகர்களின் முகங்களையும் சேர்த்துப் பார்க்கலாம். கைப்பேசியை மறக்காமல் அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சம் நேராக நடிகர் கண்ணில் படும்.