வீட்டுக் கடனுக்கான சொத்து மதிப்பீடு

வீட்டுக் கடனுக்கான சொத்து மதிப்பீடு என்பது, வங்கியோ வீட்டுவசதி நிதி நிறுவனமோ கடன் வழங்குவதற்கு முன்னர், ஈடாக வைக்கப்படும் வீடு அல்லது மனையின் சந்தை மதிப்பை ஒரு மதிப்பீட்டாளரைக் கொண்டு கணித்துக்கொள்ளும் செயற்பாடு ஆகும். நடுத்தர அளவுள்ள வீடொன்றைப் பார்த்து அளக்க மதிப்பீட்டாளருக்கு ஒரு மணி நேரமே போதுமானது. ஆயினும் அறிக்கை வாரக்கணக்கில் தாமதமாவதுண்டு. பத்திரம், வரைபடம், நிலம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமையே இத்தாமதத்தின் முதன்மைக் காரணம் எனலாம். இக்கட்டுரை தமிழ்நாட்டில் நிலவும் நடைமுறையை ஒட்டியது.

மதிப்பும் கடன் தொகையும்

பேசி முடித்த விலை எதுவாயினும், வங்கி தன் மதிப்பீட்டாளர் தரும் மதிப்பையும் கருத்திற்கொண்டே கடன் தொகையை முடிவு செய்யும். இரண்டில் குறைவானதையே அடிப்படையாகக் கொள்வது பரவலான வழக்கம். இந்திய ரிசர்வ் வங்கி 2015 ஆம் ஆண்டில் அறிவித்த வரம்புகளின்படி, 30 இலட்சம் ரூபாய் வரையான கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காட்டையும், அதற்கு மேல் 75 இலட்சம் வரையான கடன் 80 விழுக்காட்டையும், அதற்கும் மேற்பட்ட கடன் 75 விழுக்காட்டையும் தாண்டலாகாது.

பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு இதிலிருந்து வேறானது. அது முத்திரைத் தீர்வை கணக்கிடுவதற்கானது. 2017 சூன் மாதத்தில் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. அதனால் எவருடைய வீட்டின் சந்தை மதிப்பும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடவில்லை. மதிப்பீட்டு அறிக்கையில் வழிகாட்டி மதிப்பு தனியே குறிக்கப்படுவது வழக்கம்.

கணிக்கும் முறை

தனி வீடுகளுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டுவர். நிலத்தின் விலை அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த விற்பனைகளைக் கொண்டும், கட்டடத்தின் விலை இன்று அதைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவிலிருந்து தேய்மானத்தைக் கழித்தும் பெறப்படும். அடுக்குமாடிக் குடியிருப்பாயின் பெரும்பாலும் ஒப்பீட்டு முறையே பின்பற்றப்படுகிறது. அங்கு நிலத்தின் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்பதும் பார்க்கப்படும்.

எடுத்துக்காட்டாக, 2400 சதுர அடி மனையில் 15 ஆண்டுகளுக்கு முன் கட்டிய 1000 சதுர அடி கான்கிரீட் வீடு ஒன்றைக் கொள்வோம். நிலம் சதுர அடிக்கு 3000 ரூபாய், புதிதாகக் கட்டும் செலவு 2000 ரூபாய், கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டுகள், இறுதியில் எஞ்சும் மதிப்பு 10 விழுக்காடு எனக் கொண்டால், தேய்மானம் 22.5 விழுக்காடு. ஆகவே கட்டடம் 15.5 இலட்சம், நிலம் 72 இலட்சம், மொத்தம் 87.5 இலட்சம் ரூபாய். (இவை விளக்கத்துக்கான எண்கள் மட்டுமே.) இவ்வீட்டை ஒருவர் ஒரு கோடி ரூபாய்க்குப் பேசி முடித்திருந்தால், 75 இலட்சம் கடனை எதிர்பார்த்தவருக்கு 70 இலட்சமே கிட்டும். மீதி 5 இலட்சத்தை அவரே கைப்பணமாகத் தேட வேண்டும்.

ஆவணங்களைப் பொருத்திப் பார்த்தல்

விற்பனைப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி பெற்ற கட்டட வரைபடம், சொத்துவரி இரசீது ஆகியவற்றின் நகல்களை மதிப்பீட்டாளர் வருமுன்னரே அளித்துவிடுதல் நன்று. அளிக்குமுன் அவற்றை அருகருகே வைத்துப் படிப்பது அதனினும் நன்று. பத்திரத்தில் பழைய புல எண்ணும் பட்டாவில் உட்பிரிவு எண்ணும் இருக்கலாம். நகரங்களில் பட்டா நகர அளவை எண்ணைக் கொண்டிருக்கும். இரண்டும் ஒரே மனைதான் என்பதைக் காட்டும் ஆவணம் கையில் இல்லையெனில் அறிக்கை அங்கேயே நின்றுவிடும். பட்டா இன்னும் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருப்பது மற்றொரு பொதுவான குறை.

அலகுகளும் குழப்பம் தருவன. ஒரே மனை பத்திரத்தில் 5½ சென்ட் (2395.8 சதுர அடி) எனவும், பேச்சில் ஒரு கிரவுண்டு (2400 சதுர அடி) எனவும், பட்டாவில் 2.23 ஏர் எனவும் குறிக்கப்படலாம். இவை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் நேரில் அளக்கும்போது 2280 சதுர அடியே இருப்பின், குறைந்த அளவே கணக்கில் கொள்ளப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இதன் இழப்பு 3.6 இலட்சம் ரூபாய். ஐயம் இருப்பின் முன்கூட்டியே நில அளவரைக் கொண்டு அளந்து கல் நடுவது பயனுடையது.

அனுமதி பெறாத பகுதிகள்

தில்லி உயர்நீதிமன்ற ஆணையொன்றைத் தொடர்ந்து, அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலைப் பெற்றே வீட்டுக் கடன் வழங்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2006 ஆம் ஆண்டில் வங்கிகளை அறிவுறுத்தியது. எனவே தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி பெற்று மேலே மாடி எழுப்பிய வீடுகளில், மாடியின் மதிப்பு சேர்க்கப்படாமற் போகலாம். இதை மறைப்பதில் பயனில்லை. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே மதிப்பீட்டாளர் படியேறுகிறார். அனுமதியற்ற மனைப்பிரிவுகளில் 2016 அக்டோபர் 20 ஆம் நாளுக்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கு, 2017 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வரன்முறை விதிகள் வழிசெய்தன. அவ்வாறு வரன்முறை பெற்றிருந்தால் அந்த ஆணையையும் இணைக்க வேண்டும்.

நேரில் பார்வையிடும் நாள்

வாடகைக்கு விடப்பட்ட வீடாயின் குடியிருப்பவருக்கு முதல் நாளே சொல்லிவைத்தல் வேண்டும். எல்லா அறைகளும் திறந்திருத்தல் நலம். மொட்டைமாடிச் சாவி கிடைக்காமல் இரண்டாம் முறை வரநேர்வது வேடிக்கையாகத் தோன்றினும் அடிக்கடி நிகழ்வதே. நான்கு எல்லைகளையும் காட்டத் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். வெள்ளையடிப்பதால் மதிப்பு பெரிதாக உயராது. கூரைக் கசிவு, சுவர் வெடிப்பு, கம்பி துருப்பிடித்தல் ஆகியவற்றையே மதிப்பீட்டாளர் குறித்துக்கொள்வார். அண்மையில் பெரிய பழுதுபார்ப்பு செய்திருந்தால் அதற்கான செலவுச் சீட்டுகளைக் காட்டலாம். வேண்டிய தொகையைச் சொல்லி மதிப்பீட்டாளரை வற்புறுத்துவது முறையன்று.

மதிப்பு குறைந்து வந்தால்

பரப்பளவு, கட்டடத்தின் வயது, சாலையின் அகலம் ஆகியவற்றில் பிழை உள்ளதா என முதலில் நோக்க வேண்டும். பிழை இருப்பின், அதே தெருவில் அண்மையில் பதிவான விற்பனைப் பத்திரங்களின் நகல்களுடன் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து மறு ஆய்வு கோரலாம். வங்கி விரும்பினால் மற்றொரு மதிப்பீட்டாளரை அமர்த்தும். அதற்கான கட்டணம் பொதுவாகக் கடன் பெறுபவரையே சாரும்.

இதற்கிடையில் விற்பனை ஒப்பந்தத்தின் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். கெடு தவறினால் முன்பணம் திரும்பாது என்னும் நிபந்தனை உள்ள ஒப்பந்தங்கள் பல. ஆதலால், மதிப்பீடு குறைந்தோ தாமதித்தோ கடன் கிடைக்காவிடில் முன்பணம் திருப்பித் தரப்படும் என்ற வரியை, ஒப்பந்தம் எழுதும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.